பெட்டிக்குத் திரும்பும் அட்டை

மனித இருதயம் எதை விரும்பினாலும், அறிந்தோ அறியாமலோ, அது விரும்புவது கடவுளைத்தான். வீடு கேட்பவன், பிள்ளை கேட்பவள், பதவி கேட்பவன், ஒரு நாளாவது நல்ல தூக்கம் கேட்பவன் எல்லோரும் ஒரே கதவைத்தான் வெவ்வேறு பெயர் சொல்லித் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிச் சொல்லிவிட்டுப் போதகர் கண்களை மூடிக்கொண்டார். சபை அப்படியே அடங்கிப்போயிருந்தது. பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, மின்விசிறியைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பும்படி, ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளைக்குச் சைகை காட்டினார்.

அன்று தொடங்கியது நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கான தொடர் பிரசங்கம். தலைப்பு, ‘இருதயத்தின் ஏக்கம்’. வாசலில் கட்டியிருந்த பதாகையில் ஏக்கம் சிறியதாகவும் போதகரின் முகம் பெரியதாகவும் அச்சாகியிருந்தன. நான்காவது ஞாயிற்றுக்கிழமை, போதகரின் மனைவி இறந்து ஒரு வருடம் நிறைகிற நாள்.

போதகருக்கு அறுபத்திரண்டு வயது. நல்ல சாரீரம். சபையார் அவரை நேரில் ஐயா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவருடைய பெயர் ‘கடைசியாக’. ஒரு பிரசங்கத்தில், ‘கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்’ என்று ஆறு தடவை சொல்வார். புதிதாக வந்தவர்கள் முதல் ‘கடைசியாக’விலேயே பையை மடியில் எடுத்து வைத்து ஏமாறுவார்கள். பழகியவர்கள் ஐந்தாவதுவரை அசைய மாட்டார்கள்.

எல்லா ஆசையும் கடவுளுக்கான ஆசையே என்பதை அவர் மேடையோடு விட்டுவிடவில்லை. வேலை வேண்டும் என்று ஜெபிக்கச் சொல்லி வந்த பெண்ணிடம், “உனக்கு வேண்டியது வேலை இல்லம்மா” என்று ஆரம்பித்து அவளுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை முக்கால் மணி நேரம் விளக்கினார். அவள் நேர்முகத் தேர்வுக்குப் போகும் பேருந்தை விட்டாள். கூடத்தின் சாவி கேட்டு வந்த தச்சரிடமும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். யாராவது வாயைத் திறந்து பாதி வாக்கியம் சொன்னால் போதும், “புரியுது, புரியுது” என்று கையை உயர்த்துவார். மீதிப் பாதியை அவரே சொல்லிவிடுவார். வந்தவர் சொல்ல நினைத்ததைவிட அது நன்றாகவே அமைந்திருக்கும். ஆனால் வந்தவர் சொல்ல நினைத்தது அதுவாக இருக்காது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஜெபக் கூட்டம். வாசலருகே மரப்பெட்டி ஒன்று இருந்தது. குறை உள்ளவர்கள் சீட்டில் எழுதி அதில் போடலாம், பெயர் எழுத வேண்டாம். கையெழுத்தை வைத்து யார் என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே என்பதற்காகப் போதகர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கோயில்பிள்ளை மட்டும் பெட்டியைத் திறப்பார். ஒவ்வொரு சீட்டையும் தன் குண்டு குண்டான கையெழுத்தில் ஓர் அட்டையில் நகல் எடுப்பார். மூலச் சீட்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டுவார். அட்டைகள்தான் போதகர் கைக்கு வரும். அவர் உரக்கப் படித்து ஜெபிப்பார். ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததென்றால், எழுதியவர் கோயில்பிள்ளையிடம் வந்து காதோடு காதாகச் சொல்ல வேண்டும். அவர் அட்டையையும் சீட்டையும் கிழித்துவிடுவார். வந்து சொல்லாவிட்டால் அட்டை மறுபடியும் பெட்டிக்குள் போகும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் படிக்கப்படும். பதில் வரும்வரை விடாமல் தட்ட வேண்டும் என்பது போதகரின் கொள்கை. எழுதியவர் யார் என்பதைப் பற்றிக் கோயில்பிள்ளை வாயைத் திறந்தால், அந்த நிமிடமே வேலை போய்விடும் என்பது அவருடைய சட்டம்.

கோயில்பிள்ளை என்றாலும் அவர் பிள்ளை இல்லை. போதகரைவிட இரண்டு வயது மூத்தவர். மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, மைக் பூட்டுவது, அட்டை எழுதுவது எல்லாம் அவர்தான். இருபத்தைந்து வருடமாகப் போதகரிடம் வேலை பார்த்ததில் பாதி வாக்கியம் பேசவே கற்றுக்கொண்டிருந்தார். முழு வாக்கியத்துக்கு அங்கே இடம் கிடையாது.

பெரும்பாலான அட்டைகள் ஒரு மாதத்தில், மிஞ்சிப்போனால் ஒரு வருடத்தில் கிழிபட்டுவிடும். ஒரே ஒரு அட்டை மட்டும் ஒன்பது வருடமாக வந்துகொண்டிருந்தது. மூலைகள் மழுங்கி, அழுக்கேறி, மூன்று தடவை புதிதாக நகல் எடுக்கப்பட்ட அட்டை. அதில் இப்படி எழுதியிருக்கும்:

‘என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருக்க வேண்டும்.’

போதகருக்கு இந்த அட்டைமேல் தனிப் பிரியம் உண்டு. மற்றவற்றுக்கு இரண்டு நிமிடம் ஜெபித்தால் இதற்குப் பத்து நிமிடம் ஜெபிப்பார். “ஆண்டவரே, அந்தக் கல்நெஞ்சக்காரனைப் பாரும். அவன் நாவைக் கட்டும். அவன் காதைத் திறந்தருளும். ஒரு பெண்பிள்ளை பேசுவதைக் கேட்க நேரமில்லாதவன் உம்முடைய சத்தத்தை எப்படிக் கேட்பான்?” என்று குரல் தழுதழுக்கும். சில வாரங்களில் கண்ணீரே வந்துவிடும். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பி, அந்தக் கணவன் இந்தக் கூட்டத்தில் இருந்தால் இன்றே மனம் திரும்பட்டும் என்பார். ஆண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு ஜெபம் இத்தனை மனசாட்சிகளைத் தொடுவதைக் கண்டு அவர் உள்ளூர மகிழ்வார். அந்த அட்டைக்கு மட்டும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு ‘ஆமென்’ மற்றவர்களை முந்திக்கொண்டு வரும். அது அவருடைய மனைவியின் குரல். தன் மனைவிக்குப் பிறர் துன்பத்தில் எவ்வளவு இரக்கம் என்று அதையும் நினைத்து மகிழ்வார்.

அந்தக் கணவன் யாராக இருக்கும் என்று அவர் ஆராய்ச்சியும் செய்தார். கடைசியில் சந்தேகம் இரும்புக்கடைக்காரர்மேல் விழுந்தது. ஒரு சனிக்கிழமை மாலை மனைவியையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், மனைவி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று ஒன்றே கால் மணி நேரம் எடுத்துச் சொன்னார். இரும்புக்கடைக்காரர் நாளெல்லாம் கூட்டினால் நாற்பது வார்த்தைகூடப் பேசாத மனிதர். அவர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். போதகரின் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் மனைவி சிரித்துக்கொண்டே நடந்தாள். “எதுக்குச் சிரிக்கிற?” என்று போதகர் கேட்டார். அவள் மூச்சை இழுத்து, “என்னங்க...” என்று தொடங்கினாள். “புரியுது, புரியுது. அவர் முகம் போன போக்கை நினைச்சுச் சிரிக்கிற. இனிமே திருந்திடுவார் பாரு” என்றார் போதகர். அவள் மேலும் கொஞ்சம் சிரித்தாள்.

அன்பில்லாத மனிதர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. காலையில் முதலில் எழுந்து அவளுக்குக் காபி போடுவது அவர்தான். அன்று நடந்ததை எல்லாம் அவளிடம் சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. முப்பத்தொரு வருடத்தில் அவர் அவளிடம் சொல்லாத விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. அவள் அவரிடம் சொல்லாதவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

போன வருடம் அவள் நோயில் விழுந்தாள். பதினோரு நாள்தான். கடைசி நாள் மத்தியானம் மருத்துவமனைக் கட்டிலில் கண் திறந்து, அவர் கையைப் பிடித்து, மூச்சை இழுத்து, “என்னங்க, நான்...” என்றாள். “புரியுது, புரியுது. பேசாதே, ஓய்வெடு” என்றார் அவர். அவள் சொன்னபடி கேட்டாள். ஓய்வெடுத்துக்கொண்டாள். பிறகு கண் திறக்கவே இல்லை.

எல்லோரும் தடுத்தும் கேட்காமல் அடக்க ஆராதனையில் அவரே பிரசங்கம் செய்தார். என் மனைவிக்குக் கர்த்தரைத் தவிர வேறு ஆசையே இருந்ததில்லை என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மச்சினிக்கு அந்த நேரம் பார்த்துத் தொடர் இருமல் வந்தது. கல்லறைக் கல்லில் மனைவியின் கடைசி வார்த்தைகளைப் பொறிக்கச் சொன்னார். பாதி வாக்கியத்தைக் கல்லில் எப்படிப் பொறிப்பது? அதனால் மீதியை அவரே சேர்த்துக் கொடுத்தார். ‘என்னங்க, நான் கர்த்தரிடம் போகிறேன்’ என்று கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து. கல் வெட்டுகிறவர், ‘என்னங்க’ வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டும் என்றார் போதகர். அது ஒன்றுதான் உண்மையில் அவள் சொன்னது.

அதற்குப் பிறகுதான் அந்த மூச்சு வர ஆரம்பித்தது.

ஆவி, பேய் என்றெல்லாம் அவர் நம்புகிறவர் இல்லை. அவற்றைப் பற்றி மூன்று பாகங்களாகப் பிரசங்கமே செய்திருக்கிறார். இது வேறு. பேசத் தொடங்குவதற்கு முன்னால் மனிதர்கள் உள்ளே இழுப்பார்களே ஒரு சின்ன மூச்சு, அது. பட்டப்பகலில், எழுதும் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும். அடுப்படியில் குவளையைக் கழுவும்போது கதவோரத்தில் கேட்கும். அதன் பின்னால் வார்த்தை எதுவும் வராது. யாரோ ஒருவர் பேச வாயெடுத்து, இப்போது பேசலாமா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். அந்த வீட்டில் முப்பத்தொரு வருடமாக முடிக்காமல் விட்ட வாக்கியங்கள் எல்லாம் சுவரோரமாக வரிசையில் நின்று முறைக்குக் காத்திருப்பதுபோல இருக்கும். போதகர் உடனே வானொலியைத் திருகுவார். இல்லாவிட்டால் ஏதாவது உரக்கப் பேசுவார். பேசினால் அது நின்றுவிடும். அவருடைய பேச்சுக்கு அது எப்போதும் வழிவிட்டுத்தான் பழக்கம்.

வெள்ளிக்கிழமைகளில் அட்டை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவர் அந்தக் கல்நெஞ்சக்காரனுக்காக அழுது முடிக்கும்போது மூன்றாவது வரிசையில் ஆமென் இல்லை. அந்த இடத்திலிருந்து மூச்சு மட்டும் வந்தது.

தொடரின் இரண்டாவது ஞாயிறு முடிந்த பிறகு போதகருக்கு ஒரு யோசனை உதித்தது. ஏக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஒன்பது வருடம் ஏங்கிய அந்தச் சகோதரியை மூன்றாவது ஞாயிறு மேடையில் ஏற்றினால் என்ன? கணவனையும் பக்கத்தில் நிறுத்தி, சபைக்கு முன்பாகவே அவனை ஒரு கேள்வி கேட்கவைத்து, அவள் பதில் சொல்லவைத்து, ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததென்று அட்டையைக் கிழித்தால் சபையே எழுந்து நிற்காதா? அட்டை கிழிந்தால் இந்த மூச்சும் நின்றுவிடும் என்று உள்ளுக்குள் ஏனோ ஒரு நினைப்பு ஓடியது. அதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், அங்கிகள் தொங்கும் சின்ன அறையில், கோயில்பிள்ளை மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அட்டை எழுதிக்கொண்டிருந்தார். போதகர் எதிரே உட்கார்ந்தார்.

“அந்த ஒம்பது வருஷ அட்டை. அந்தச் சகோதரி யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்ங்க ஐயா. ஆனா...”

“புரியுது, புரியுது. ரகசியம். நான் பேரு கேக்கல. வர்ற ஞாயித்துக்கிழமை மேடைக்கு வரச் சொல்லுங்க. புருஷனும் வரட்டும்.”

கோயில்பிள்ளை பேனாவை மூடி வைத்தார். “அவங்க வர முடியாதுங்க ஐயா.”

ஏன் வர முடியாது என்று போதகர் கேட்டார். கேட்ட கையோடு காரணங்களையும் அவரே எடுத்துக் கொடுத்தார். வெட்கமாக இருக்கும். புருஷன் விடமாட்டான். மேடை ஏற நல்ல உடுப்பு இருக்காது. ஒவ்வொன்றுக்கும் கோயில்பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில், வேறு எங்கேயாவது போய்விட்டார்களா என்று போதகர் கேட்டபோது, ஆமாம், அப்படியும் சொல்லலாம் என்று மென்று விழுங்கினார். போதகரின் முகம் சிவந்தது. அடுத்த தெருவில் புதிதாக, மெத்தை வைத்த நாற்காலிகளோடு ஒரு சபை தொடங்கியிருந்தார்கள். அங்கேயா என்று கேட்டார்.

“அங்க இல்லைங்க ஐயா.”

“அப்ப எதுக்கு இன்னும் வாராவாரம் சீட்டு போடுறாங்க?”

“அவங்க போடலைங்க ஐயா. அவங்க போட்டது ஒரே தடவை, ஒம்பது வருஷம் முன்னாடி. அப்புறம் நான்தான் திரும்பத் திரும்பப் போடுறேன். பதில் வந்துச்சுன்னு அவங்க வந்து சொல்லல. சொல்லலைன்னா பெட்டியில போடணும்னு சொன்னது நீங்கதானே.”

இருபத்தைந்து வருடத்தில் அவர் முடித்த முதல் நீளமான பேச்சு அது. அதில் அவருக்கே கொஞ்சம் தைரியம் வந்திருக்க வேண்டும். எழுந்து அலமாரியைத் திறந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தார். வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே சட்டம். டப்பாவைத் திறக்கக் கூடாது என்று இல்லையே. அடியில் கிடந்த பழைய சீட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, போதகர் பக்கமாக விரலால் தள்ளினார்.

பாதியாகக் கிழித்த தாள். எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து, தொடக்கத்தில் தாராளமாக இடம்விட்டு, வரி முடிகிற இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அந்த நெருக்கத்தைப் போதகர் முப்பத்தொரு வருடம் சாமான் பட்டியல்களில் பார்த்திருக்கிறார். சோப்பு, தீப்பெட்டி, விளக்கு பல்பு எல்லாம் இப்படித்தான் ஓரத்தில் போய் இடித்துக்கொண்டு நிற்கும். தாளைத் திருப்பினார். பின்பக்கம் அவருடைய சொந்தக் கையெழுத்து. பழைய பிரசங்கக் குறிப்பு. ‘மூன்றாவதாக, நாம் கடவுளுக்குக் காத்திருக்கக் கற்க வேண்டும்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

போதகர் தாளை மறுபடியும் முன்பக்கம் திருப்பி வைத்தார். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

கோயில்பிள்ளை தரையைப் பார்த்தார். “நான் யார்கிட்டயும் சொல்லலைங்க ஐயா. சத்தியமா. உங்க வீட்டுல ஒரு தடவை சாப்பிட்டவங்களுக்கு எல்லாம் தானா தெரிஞ்சிடுச்சு.”

“இரும்புக்கடைக்காரருக்கு?”

“அவருக்கு முதல்லயே தெரியும்ங்க.”

அப்படியானால் அந்த ஆண்கள் தலையைக் குனிந்தது மனசாட்சி குத்தியதால் அல்ல. சிரிப்பை மறைக்கவும் அல்ல. ஒரு மனிதன் தன்னைத் தானே ஊரறியத் திட்டிக்கொள்வதை எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியாமல். நானூறு வெள்ளிக்கிழமைகளுக்கு மேல் அவர்கள் இப்படிக் குனிந்திருக்கிறார்கள். நானூறு வெள்ளிக்கிழமைகளும் அவள் மூன்றாவது வரிசையில் இருந்து ஆமென் சொல்லியிருக்கிறாள். அவளுடைய விண்ணப்பத்தை அவளுடைய புருஷனே, நல்ல சாரீரத்தில், கடவுளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். நடுவில் அவர் காதில் மட்டும் விழவில்லை.

“இப்ப இதை என்ன செய்யறதுங்க ஐயா?” என்றார் கோயில்பிள்ளை. “கிழிக்கவா, போடவா?”

“போடுங்க” என்றார் போதகர்.

வெள்ளிக்கிழமை வந்தது. மற்ற அட்டைகளைப் படித்தார், ஜெபித்தார். கடைசியாக அந்த அட்டையை எடுத்தார். வழக்கமான குரலில்தான் படித்தார். படித்து முடித்ததும் ஆண்டவரே என்றார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்ற வார்த்தை வெளியே வர மறுத்தது. ஆண்கள் பக்கம் பார்க்க அவருக்குத் துணிவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள், மைக் போய்விட்டது என்று முணுமுணுத்தார்கள். கோயில்பிள்ளை குனிந்து வந்து மைக்கை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். மைக் நன்றாகவே இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் மச்சினி வந்தாள், அக்காவின் அலமாரியை ஒழித்துக் கொடுக்க. அவளுக்குத் தையல்கடை. நாள் முழுவதும் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை பார்த்ததாலோ என்னவோ, வாயைத் திறந்தால் அத்தனையும் குத்துகிற மாதிரிதான் வரும். உடுப்புகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். போதகர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்து, உனக்கும் தெரியுமா என்று கேட்டார்.

“எனக்கா? சீட்டு எழுதுறப்போ ‘வீட்டுக்காரர்’னு போடட்டுமா ‘கணவர்’னு போடட்டுமான்னு அக்கா என்கிட்டதான் கேட்டா.”

அலமாரிக் கதவு கிறீச்சென்றது.

“அவளுக்குக் கர்த்தரைத் தவிர வேற ஆசையே இல்லைன்னு நான் அடக்க ஆராதனையில நின்னு சொன்னேனே.”

“சொன்னீங்க அத்தான். நான்கூட இருமினேன்.”

போதகருக்கு அந்தக் கட்டத்திலும் பழக்கம் விடவில்லை. ஆழமாக ஆராய்ந்தால், ஒரு மனைவி தன் பேச்சைக் கேட்க ஆள் வேண்டும் என்று ஏங்குவதும், நம் குரலைக் கேட்கிற கடவுளுக்காக ஆத்துமா ஏங்குகிற ஏக்கம்தான் என்று தொடங்கினார். மச்சினி ஒரு சட்டையை உதறி அவரை நிறுத்தினாள்.

“கண்ணு தெரியாத ஒருத்தர் வழியோரமா உக்காந்து கத்துனாரே, அவரைப் பத்தி நீங்க எத்தனை தடவை பேசியிருப்பீங்க? ‘உனக்கு நான் என்ன செய்யணும்’னு கேட்டாருல்ல கர்த்தர். கண்ணு தெரியாதவருக்கு என்ன வேணும்னு பார்த்தாலே தெரியாதா? கர்த்தருக்குத் தெரியாததா? ஆனாலும் கேட்டார். கேட்டுட்டுச் சும்மா நின்னார். ‘புரியுது, புரியுது’ன்னு சொல்லல அத்தான்.”

சொல்லிவிட்டு மறுபடியும் மடிக்கத் தொடங்கினாள். போதகர் அந்தப் பகுதியைக் குறைந்தது இருபது தடவை பிரசங்கித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் குருடன் பதில் சொல்வதற்கு முன்பே, அவன் உண்மையில் கேட்டது அகக்கண் என்று விளக்கிவிடுவார். அவன் கேட்டது வெறும் கண். கர்த்தர் அதைத் திருத்தவில்லை. அகக்கண் என்று மாற்றி எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை.

அவளுடைய சீட்டும் அப்படித்தான். அவள் கேட்டது கடவுளை இல்லை. கடவுளிடம்தான் கேட்டாள், ஆனால் கேட்டது இந்த வாயாடிப் புருஷனின் ஐந்து நிமிட மௌனத்தை. அந்த ஆசையைக் கடவுள் தன் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளவில்லை. உன் ஆசை தவறான விலாசத்தில் இருக்கிறது என்று சொல்லவில்லை. வாராவாரம் சரியான விலாசத்துக்கே, ஒரு கோயில்பிள்ளையின் கையால், திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“ஆஸ்பத்திரியில அன்னைக்கு அவ என்ன சொல்ல வந்தா?” என்று போதகர் கேட்டார்.

“எனக்கு எப்படித் தெரியும்? அவ உங்ககிட்டதானே சொல்ல வந்தா.”

பெட்டியைக் கட்டி முடித்ததும் மச்சினி கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, கல்லறைக் கல்லில் ‘என்னங்க, நான்’ வரைக்கும் வைத்துக்கொண்டு மீதியைச் செதுக்கி எடுத்துவிட முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள் என்றாள். கிண்டலாகச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்பது அவருக்குத் தெரியவில்லை.

மணி நான்கு. சாப்பாட்டு மேசையில் சன்னல் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி. அவள் நாற்காலியின் சாய்மானத்தில் அவளுடைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒரு வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. மச்சினி அதை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை. போதகர் வானொலியின் மின்கம்பியைப் பிடுங்கினார். கைப்பேசியை அணைத்து அடுத்த அறையில் வைத்தார். வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டார். பதில் வந்தால் அட்டையைக் கிழித்துவிடலாம். எழுதியவள் வந்து சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணவன் போய்க் கோயில்பிள்ளையிடம் சொல்லலாம் அல்லவா?

என்ன கேட்பது என்று யோசித்தார். முப்பத்தொரு வருடத்தில் கேட்காதது நிறைய இருந்தது. கடைசியில் கர்த்தர் கேட்டதையே கேட்டார்.

“உனக்கு என்ன வேணும்?”

சுவர்க்கடிகாரம் நடந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு மிதிவண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். மௌனம் இவ்வளவு நீளமான பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கேள்வியை இன்னும் கொஞ்சம் நன்றாகக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. அதைப் பற்றிச் சொல்ல நல்ல ஒரு உதாரணமும் நினைவுக்கு வந்தது. விழுங்கினார். தண்ணீர்க் குழாய் எங்கோ சொட்டியது. மேசைமேல் வெயில் ஒரு விரல்கடை நகர்ந்ததுபோல இருந்தது.

அப்போது எதிரே அந்த மூச்சு வந்தது.

முதுகுக்குப் பின்னால் இல்லை, கதவோரத்தில் இல்லை. நேர் எதிரே, கம்பளிச் சட்டை தொங்குகிற இடத்தில், மேசையின் அகலத்துக்கு அப்பால். எப்போதும் போலப் பாதியில் நிற்கவில்லை. உள்ளே போய், நிறைந்து, ஒரு கணம் தங்கிற்று. முடிக்காமல் விட்ட அத்தனை வாக்கியங்களும் முண்டியடித்துக்கொண்டு அதன் பின்னால் வந்து நின்றன. போதகரின் கண்ணில் நீர் நிறைந்தது. அவருக்கு மனசு முழுவதும் ஒரே நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது.

“புரியுது, புரியுது” என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.